ஃபென்டனில் டெஸ்ட் ஸ்டிரிப்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

விரல் நீளத்தில் ஒரு காகிதப் பட்டை. ஃபாயில் உறைக்குள் ஒவ்வொன்றாகச் சீல் வைத்து வரும். ஒன்றின் விலை ஏறக்குறைய ஒரு அமெரிக்க டாலர். கோக்கைனிலோ எக்ஸ்டசி எனப்படும் எம்டிஎம்ஏ-விலோ தெருவில் வாங்கிய மாத்திரையிலோ ஃபென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை வலிநிவாரணி கலந்திருக்கிறதா என்பதை ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல பொதுச் சுகாதார அலுவலகங்களும் தொண்டு அமைப்புகளும் இதை இலவசமாகவே கொடுக்கின்றன. அதிகம் புழங்குவது டொராண்டோ வட்டாரத்தில் இயங்கும் பிடிஎன்எக்ஸ் நிறுவனத்தின் ‘ரேபிட் ரெஸ்பான்ஸ்’ ஸ்டிரிப். வேறு தயாரிப்புகளும் உண்டு. வேலை செய்யும் விதம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கோக்கைன், எம்டிஎம்ஏ, கெட்டமைன், கள்ள மாத்திரை என்று ஓபியாய்டு (அபின் வகை மருந்து, ஃபென்டனிலும் அதில் ஒன்று) இருக்கவே கூடாத சரக்கைத் தொடுபவர்களுக்கு இந்த ஒரு டாலர் உயிர் காக்கும் செலவு. ஃபென்டனில் என்று தெரிந்தே வாங்குபவர்களுக்கு அநேகமாகப் பயன் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு எப்போதும் ‘இருக்கிறது’ என்றுதான் வரும். இரண்டு தரப்புக்கும் இது, ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் மருந்தான நலோக்சோனுக்கு மாற்று அல்ல.

2 மில்லிகிராம் ஃபென்டனில் பழக்கமில்லாத ஒருவரைக் கொல்லக்கூடும் என்பது அமெரிக்க போதைத் தடுப்பு முகமை சொல்லும் கணக்கு. அதே முகமை 2023-இல் பிடித்த கள்ள மாத்திரைகளைச் சோதித்தபோது பத்தில் ஏழில் அந்த அளவோ அதற்கு மேலோ இருந்தது. 2024-இல் பத்தில் ஐந்து. கனடாவில் 2016 தொடங்கி ஓபியாய்டு நச்சுக்குப் பலியானவர்கள் 50,000-க்கும் மேல். அமெரிக்காவில் 2023 என்ற ஒரே ஆண்டில் ஓவர்டோஸ் சாவுகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இந்தப் பின்னணியில்தான் ஸ்டிரிப்பை எடைபோட வேண்டும்.

ஒரு கோடா, இரண்டு கோடா

தவறாகப் படிப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் கோளாறு, அதனால் அதிலிருந்தே தொடங்குவோம். கோவிட் கிட்டிலும் கர்ப்பப் பரிசோதனையிலும் இரண்டு கோடு என்றால் ‘ஆம்’. இதில் நேர்மாறு. ஒரே ஒரு கோடு விழுந்தால் ஃபென்டனில் இருக்கிறது. இரண்டு கோடு விழுந்தால் ஸ்டிரிப்பின் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை.

காரணம் உள்ளே இருக்கும் வேதியியல். ஸ்டிரிப்பின் அடியில், ஃபென்டனிலைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஆன்டிபாடிகள் நிறமேற்றிக் காய்ந்த நிலையில் இருக்கும். தண்ணீர் மேலேறும்போது அவையும் சேர்ந்து ஏறும். சோதனைக் கோட்டில் ஃபென்டனில் போன்ற மூலக்கூறு முன்பே ஒட்டப்பட்டிருக்கிறது. கரைசலில் ஃபென்டனில் இல்லையென்றால் ஆன்டிபாடிகள் அந்தக் கோட்டில் போய் ஒட்டி நிறம் காட்டும். கரைசலிலேயே ஃபென்டனில் இருந்தால் அது ஆன்டிபாடிகளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கோட்டில் ஒட்ட ஆள் மிஞ்சாது, கோடும் தெரியாது. மேலே இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் விழ வேண்டும். அது விழவில்லை என்றால் ஸ்டிரிப் பழுது, முடிவு செல்லாது.

இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தால்? மங்கலும் கோடுதான், அது நெகட்டிவ். ‘லேசாக இருக்கிறதே, அப்போ கொஞ்சம் கலந்திருக்குமோ’ என்று கோட்டின் அடர்த்தியை வைத்து அளவு ஊகிப்பது தவறு. இந்தத் தயாரிப்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சந்தேகம் இருந்தால் இன்னொரு ஸ்டிரிப்பைப் போட்டுப் பாருங்கள்.

கரைப்பது எப்படி

நோயாளியின் சிறுநீரைச் சோதிக்கத்தான் இந்த ஸ்டிரிப் முதலில் வந்தது. தூளைத் தண்ணீரில் கரைத்துச் சோதிப்பது பிறகு வந்த பயன்பாடு. உறைக்குள் இருக்கும் தாளில் சிறுநீர்ச் சோதனைக்கான வழிமுறை மட்டும் அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் அளவு இது: சுத்தமான, உலர்ந்த பாத்திரத்தில் குறைந்தது 10 மி.கி. சரக்கு, பெரும்பாலானவற்றுக்கு அரை டீஸ்பூன், அதாவது 2.5 மி.லி. தண்ணீர். மெத் (மெத்தாம்பெட்டமைன்), எம்டிஎம்ஏ என்றால் ஒவ்வொரு 10 மி.கி.க்கும் ஒரு முழு டீஸ்பூன், 5 மி.லி.

சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். நன்றாகக் கரையும்வரை கலக்குங்கள். அலை அலையாகக் கோடு போட்ட முனையைக் கீழே பார்த்து, குறிப்பிட்ட எல்லைக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறாதபடி, சுமார் 15 வினாடி நனையவிடுங்கள். எடுத்துச் சமதளத்தில் கிடத்தி 2 முதல் 5 நிமிடம் காத்திருந்து படியுங்கள். கோடுகள் இருக்கும் பகுதியை விரலால் தொடாதீர்கள். எல்லைக் கோட்டைத் தாண்டி மூழ்கடித்தால் ஆன்டிபாடிகள் மேலேறாமல் தண்ணீரிலேயே கரைந்துபோகும். கட்டுப்பாட்டுக் கோடு விழாமல் போக இதுவும் ஒரு காரணம். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்து முடிவு சொல்வதும் கூடாது. காய்ந்த பிறகு புதிதாகக் கோடு தோன்றவும் செய்யும், இருந்தது மங்கவும் செய்யும்.

10 மி.கி.யை வீட்டில் அளப்பது லேசான காரியம் இல்லை. ஆன்லைனில் கிடைக்கும் மலிவான மில்லிகிராம் தராசுகள் அவ்வளவு சிறிய எடையில் நம்பத்தக்கவை அல்ல. சற்றுக் கூடுதலாக, 50 மி.கி. எடுத்து அதற்கேற்ப 12.5 மி.லி. தண்ணீர் ஊற்றுவது பிழையைக் குறைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு தண்ணீர் அளக்க நல்லது. வீட்டு ஸ்பூன்கள் ஆளுக்கு ஒரு கொள்ளளவு.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஸ்டிரிப்பின் கூர்மை அதில்தான் இருக்கிறது. இவை மில்லிலிட்டருக்குச் சுமார் 200 நானோகிராம் ஃபென்டனிலைக் கண்டுபிடிக்கும். 2.5 மி.லி. தண்ணீரில் அது 500 நானோகிராம், அதாவது அரை மைக்ரோகிராம். 10 மி.கி. தூளில் அரை மைக்ரோகிராம் என்பது 20,000-இல் ஒரு பங்கு. சோதனை நிலையங்களில் பயன்படும் அகச்சிவப்புக் கருவி 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலும் தடுமாறும். ஒரு டாலர் காகிதம் அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், பிரவுன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2018-இல் இந்த ஸ்டிரிப்பை இரண்டு விலையுயர்ந்த கருவிகளோடு ஒப்பிட்டபோது, மிகக் குறைந்த அளவைப் பிடித்தது ஸ்டிரிப்தான்.

இந்தக் கூர்மைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. விற்றவரின் தராசில் ஒட்டியிருந்த தூசி கோக்கைனில் பட்டிருந்தால்கூட பாசிட்டிவ் வரும். பொட்டலத்தில் கொல்லும் அளவு இருந்தாலும் அதே பாசிட்டிவ்தான். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஸ்டிரிப்பால் முடியாது. ஆகவே பாசிட்டிவ் வந்தால் ‘தூசியாக இருக்கும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை.

எதைச் சோதித்தோம் என்பதே பாதி விஷயம்

கள்ளச் சரக்கு மருந்துக் கம்பெனியின் இயந்திரத்தில் கலக்கப்படுவதில்லை. பையில் போட்டுக் குலுக்கியோ மிக்சியில் அடித்தோதான் கலக்கிறார்கள். ஃபென்டனில் சீராகப் பரவாது. ஒரு மூலையில் திரண்டு நிற்கும். ரவா கேசரியில் முந்திரி மாதிரி: ஒரு கரண்டியில் ஒன்றும் வராது, அடுத்த கரண்டியில் மூன்று வரும். 10 மி.கி.யை மட்டும் கிள்ளிச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால், அந்த 10 மி.கி.யில் இல்லை என்பதே அதன் பொருள். மீதிக்கு அது சாட்சி சொல்லாது.

இதற்கு உருப்படியான வழி ஒன்றுதான்: எதை உட்கொள்ளப் போகிறார்களோ அது முழுவதையும் கரைத்துச் சோதிப்பது. தண்ணீர் ஆவியாகக் காத்திருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. குறைந்தபட்சம் தூள் முழுவதையும் நன்றாகப் பொடித்து, கட்டி இல்லாமல் கலந்து, பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். மாத்திரையாக இருந்தால் ஓரத்தைச் சுரண்டினால் போதாது, முழுதாகப் பொடிக்க வேண்டும். ஒரே பையில் இருந்த பத்து மாத்திரையில் ஒன்று நெகட்டிவ் என்பது மற்ற ஒன்பதுக்கும் உத்தரவாதம் ஆகாது. ஊசி போடுபவர்கள், கரைத்த ஸ்பூனின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சத்தில் தண்ணீர் விட்டுச் சோதிக்கலாம். அவர்கள் உடம்பில் ஏற்றப்போகும் கரைசலும் அந்த மிச்சமும் ஒன்று என்பதால் இந்தக் கலவைச் சிக்கல் அங்கே குறைவு.

இல்லாததை இருப்பதாகக் காட்டும்போது

மெத்தாம்பெட்டமைன், எம்டிஎம்ஏ, சளி மருந்தில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமைன் ஆகிய மூன்றும் மில்லிலிட்டருக்கு 1 மி.கி. அல்லது அதற்கு மேல் அடர்த்தியாக இருந்தால் ஃபென்டனில் இல்லாமலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும் என்று 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 10 மி.கி.க்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் என்ற அளவிலும் அடர்த்தி 2 மி.கி. வருகிறது. எனவே எம்டிஎம்ஏ-வில் பாசிட்டிவ் வந்தால் அதே கரைசலில் தண்ணீர் சேர்த்து மொத்தம் 20 மி.லி. ஆக்கி, புது ஸ்டிரிப்பில் மறுபடி பாருங்கள். அவ்வளவு நீர்த்தாலும் 10 மி.கி.யில் 4 மைக்ரோகிராம் ஃபென்டனில் இருந்தால் ஸ்டிரிப் பிடித்துவிடும். மறுபடியும் பாசிட்டிவ் என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, கீழே கொட்டிவிடலாம். நெகட்டிவாக மாறினால் முதல் முடிவு எம்டிஎம்ஏ செய்த குழப்பமாக இருக்கலாம், மிகக் குறைந்த ஃபென்டனிலாகவும் இருக்கலாம். அதைத் தீர்த்துச் சொல்ல ஆய்வகம் வேண்டும்.

சேமிப்பில் கவனம் வேண்டும். 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கச் சொல்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜனவரிக் குளிரில் காரின் டாஷ்போர்டில் கிடந்த ஸ்டிரிப்பை நம்பக்கூடாது. ஜூலை வெயிலில் கிடந்ததையும்தான். ஃபாயில் பிரிந்திருந்தால் ஈரம் ஏறியிருக்கும். ஒரே கம்பெனியிலேயே தொகுப்புக்குத் தொகுப்பு கூர்மை மாறுவதும் உண்டு. அதனால் மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் அமைப்புகள் ஒவ்வொரு புதுத் தொகுப்பிலிருந்தும் சிலவற்றைத் தெரிந்த மாதிரியில் சரிபார்த்துவிட்டே வெளியே கொடுப்பது நல்லது.

கண்ணில் படாதவை

நெகட்டிவ் என்றால் ‘பாதுகாப்பு’ என்று படிப்பவர்களுக்காக இந்தப் பகுதி. கார்ஃபென்டனில் ஃபென்டனிலைவிட நூறு மடங்கு வீரியமானது. கொல்லும் அளவே மிகச் சிறியது என்பதால் ஸ்டிரிப்பின் வரம்புக்குக் கீழே நழுவிவிட வாய்ப்புண்டு. நைட்டசீன் என்ற வேறொரு ஓபியாய்டுக் குடும்பத்தை ஃபென்டனில் ஸ்டிரிப் அடையாளமே காணாது. கனடியத் தெருச் சரக்கில் பரவலாகக் கலக்கப்படும் தூக்க மருந்து வகையான பென்சோடயசெபைன்கள் (பென்சோ), கால்நடை மயக்க மருந்துகளான சைலசீன், மெடடோமிடின் எதுவும் இதில் தெரியாது.

இவற்றில் சிலவற்றுக்குத் தனி ஸ்டிரிப்கள் வந்துவிட்டன. சைலசீன் ஸ்டிரிப் 2023-இல் வந்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிடோகெய்ன் இருந்தாலும் இது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். கோக்கைனில் லிடோகெய்ன் கலப்பது பழைய வழக்கம் என்பதால் கோக்கைன் சோதிப்பவருக்கு இந்த ஸ்டிரிப்பால் வீண் குழப்பம்தான். நைட்டசீன் ஸ்டிரிப்பை ஆய்வகத்தில் 36 நைட்டசீன் வகைகளோடு சோதித்தபோது 28-ஐப் பிடித்தது. ‘டெஸ்நைட்டசீன்’ என்ற பிரிவைக் கோட்டைவிட்டது. காஃபின் அதிகமாக இருந்தாலும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். தெருச் சரக்கில் காஃபின் சேர்ப்பதோ சர்வசாதாரணம். மூன்று ஸ்டிரிப்களில் ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் ஃபென்டனில் ஸ்டிரிப்பை வாங்குங்கள். மற்ற இரண்டும் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க உதவும், அவ்வளவே.

ஆய்வகம் என்றதும் டொராண்டோவில் 2019 அக்டோபரில் தொடங்கிய மருந்துச் சோதனைச் சேவையைச் சொல்ல வேண்டும். பெயர் கேட்காமல், காசு வாங்காமல், சிறு துளியோ பயன்படுத்திய கருவியில் ஒட்டிய மிச்சமோ வாங்கி மருத்துவமனை ஆய்வகத்தில் நிறமாலைக் கருவியில் ஓட்டுகிறார்கள். என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்ற பட்டியலே கிடைக்கும். தரத்தில் இதனோடு ஸ்டிரிப்பை ஒப்பிடவே முடியாது. ஆனால் முடிவு கைக்கு வர நாளாகும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கையில் இருப்பது ஸ்டிரிப்தான்.

பயன் உண்டா

கனடாவின் வான்கூவரில் இன்சைட் என்ற கண்காணிப்பு மையத்தில் (நர்ஸ்களின் கண்காணிப்பில் சரக்கை எடுக்கும் இடம்) 2016 ஜூலையில் இந்த ஸ்டிரிப்பைக் கொண்டு முன்னோட்டம் நடந்தது. சோதித்தவற்றில் சுமார் 80 சதவீதத்தில் ஃபென்டனில். உட்கொள்ளும் முன்பே சோதித்து பாசிட்டிவ் பார்த்தவர்கள் அளவைக் குறைக்கப்போவதாகச் சொல்வது நெகட்டிவ் பார்த்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படிச் சொன்னவர்களுக்கு ஓவர்டோஸும் குறைவு. ‘ஸ்டிரிப் கொடுத்தால் தைரியம் வந்து இன்னும் எடுப்பார்கள்’ என்ற வாதத்துக்கு இந்த அனுபவம் நேர் எதிர். அதே முன்னோட்டம் இன்னொன்றையும் காட்டுகிறது: பெரும்பாலானோர் உட்கொண்ட பிறகுதான் சோதித்தார்கள். கையில் கிடைத்ததை உடனே எடுக்காவிட்டால் உடம்பு நடுங்கும் நிலையில் இருப்பவருக்கு ஐந்து நிமிடம் நீண்ட நேரம். வேறு சரக்கு வாங்கக் காசும் இராது. ஸ்டிரிப் தகவல் தரும், மாற்று தராது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது

அமெரிக்காவில் இந்தக் காகிதம் பல ஆண்டுகள் குற்றப் பொருளாக இருந்தது. 1979-இல் நீதித்துறை எழுதிக் கொடுத்த மாதிரிச் சட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. போதைப்பொருள் உபகரணங்கள் என்ற அதன் பட்டியலில் குழாய், தராசு ஆகியவற்றோடு சரக்கின் வீரியத்தையும் தூய்மையையும் சோதிக்கும் கருவிகளும் இடம்பெற்றன. விற்பவர் தரம் பார்ப்பதைத் தடுக்க எழுதிய வரி, வாங்குபவர் விஷம் பார்ப்பதைத் தடுத்தது. 2021 ஏப்ரலில்தான் கூட்டாட்சி நிதியில் ஸ்டிரிப் வாங்கலாம் என்று அனுமதி வந்தது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தின: பென்சில்வேனியா 2022 நவம்பரில், ஒஹாயோவும் ஃபுளோரிடாவும் 2023-இல். டெக்சாஸில் 2023-இல் கீழவை நிறைவேற்றிய மசோதா செனட்டில் முடங்கியது. இன்னமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு. எல்லை தாண்டும்போது பையில் இருக்கும் ஸ்டிரிப்புக்கு அந்த ஊர்ச் சட்டம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போதைப்பொருளைச் சட்டம் தடை செய்ய வேண்டுமா என்ற பெரிய விவாதத்தில் இந்தச் சிறு காகிதம் இரு தரப்பையும் கேள்வி கேட்கிறது. தடை இருப்பதால்தான் இந்தப் பொருளே தேவைப்படுகிறது என்பது ஒரு பக்கம். மறைத்துக் கடத்த வேண்டிய சரக்கு சிறியதாகவும் வீரியமாகவும் மாறும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீரைவிட ஸ்பிரிட்டைக் கடத்துவதே லாபமாக இருந்தது. ஹெராயின் இருந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்ததிலும் அதே கணக்குதான். ஒரு கடித உறையில் அடங்கும் பொருளை எந்த எல்லைக் காவலும் முழுதாகத் தடுக்க முடியாது. சுவிட்சர்லாந்து 1994 முதல், வேறு சிகிச்சை எடுபடாதவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கிறது. அங்கே கிளினிக்குக்குள் நுழைபவருக்கு ஸ்டிரிப் வேண்டாம். என்ன, எத்தனை மி.கி. என்பது ஏட்டில் எழுதியிருக்கிறது. 2008-இல் அந்நாட்டு வாக்காளர்களில் 68 சதவீதம் பேர் அந்தத் திட்டத்தை ஆதரித்தார்கள். அதே நாளில் கஞ்சாவைத் தடையிலிருந்து விடுவிக்கும் யோசனையை அவர்களே நிராகரித்தார்கள். சிகிச்சையையும் விற்பனையையும் பிரித்துப் பார்த்த அந்த நிதானம் மற்ற நாடுகளுக்கும் வேண்டும்.

தடையை நீக்கினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் பதில் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலிநிவாரணி முழுக்கச் சட்டபூர்வமான மருந்து. தரம் சோதிக்கப்பட்டது, டாக்டர் சீட்டில் விற்றது. அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி அதை விற்ற பர்டியூ ஃபார்மா 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் ஓரெகான் மாநிலம் 2021 பிப்ரவரியில் சிறு அளவு கையிருப்புக்கான தண்டனையை 100 டாலர் அபராதமாகக் குறைத்தது. சிகிச்சை வசதி தயாராகும் முன்பே சட்டம் அமலுக்கு வந்தது, தெருவில் வெளிப்படையாக எடுப்பது மக்களின் பொறுமையைச் சோதித்தது, 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஓரெகான் வைத்திருப்பவரை விடுவித்ததே தவிர சரக்கைத் தொடவே இல்லை. பொட்டலத்துக்குள் இருந்தது அதே கள்ளச் சந்தைக் கலவைதான். வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று ஆக்குவதும் சரக்கின் தரத்துக்கு யாரையாவது பொறுப்பாக்குவதும் இரண்டு தனித்தனிக் காரியங்கள். விவாதங்களில் இவை ஓயாமல் குழப்பப்படுகின்றன.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்கக் கள்ளக்குறிச்சி போதும். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனாலைச் சாதாரணச் சாராயத்திலிருந்து நாக்கால் பிரித்தறிய முடியாது. ஃபென்டனிலும் அப்படியே. டாஸ்மாக் கடை திறந்திருந்த மாநிலத்தில்தான் அது நடந்தது என்பதும் உண்மை. கடைச் சரக்குக்குக் காசு போதாதவரிடம் பாக்கெட் விற்பவர் போய்ச் சேர்ந்தார். சட்டபூர்வக் கடை இருந்தால் கள்ளச் சந்தை தானாக ஒழியும் என்பதும் சரியில்லை, தண்டனையைக் கூட்டினால் ஒழியும் என்பதும் சரியில்லை. விலை, வரி, கண்காணிப்பு மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இந்தப் பெரிய வழக்கில் யார் எந்தப் பக்கம் நின்றாலும் ஸ்டிரிப்பைத் தடை செய்வதற்கு மட்டும் நியாயம் கிடையாது. விற்பவரைச் சிறையில் போடு என்று சொல்பவரும், தனக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு இருபது வயதுக்காரருக்கு இருக்கும் வழியை அடைக்க வேண்டியதில்லை.

ஒன்டாரியோவில் காற்று வேறு பக்கம் வீசுகிறது. பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் 200 மீட்டருக்குள் இருந்த 10 கண்காணிப்பு மையங்களை 2025 மார்ச் 31-க்குள் மூட மாகாண அரசு உத்தரவிட்டது. பள்ளியருகே வேண்டாம் என்ற பெற்றோரின் கவலை பொய்யல்ல. ஆனால் மையத்தில் ஸ்டிரிப்போடு பக்கத்தில் ஒரு நர்ஸும் இருந்தார். முடிவைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தது. வீட்டில் தனியாகப் படிக்கும்போது ஒரு கோட்டை இரண்டாக நினைத்துவிட்டால் திருத்த யாரும் இல்லை.

வாங்கும்போது

இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவதே மேல். சரிபார்த்த தொகுப்பாக இருக்கும், கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும். காசு கொடுத்து வாங்கினால் காலாவதித் தேதி, தொகுப்பு எண், கண்டறியும் அளவு மூன்றும் உறையில் இருக்க வேண்டும். ‘பல போதைப்பொருள் ஒரே கப்பில்’ என்று வேலைக்கு ஆள் எடுக்கும்போது செய்யும் சிறுநீர்ச் சோதனைக் கிட்களை இதற்காக வாங்காதீர்கள். சாதாரண ஓபியாய்டுப் பட்டை ஃபென்டனிலைக் காட்டாது. ஐந்து பத்தாக வாங்குங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் சந்தேகம் வரும்போது மறுசோதனைக்கு வழியிராது.

கூடவே நலோக்சோன். ஒன்டாரியோவில் பல மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமல் இலவசம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயில் ஒரு முறைக்கு 4 மி.கி. மூச்சு மெதுவானால், உதடு நீலம் பாரித்தால், தட்டி எழுப்பியும் எழாவிட்டால் 911-ஐ அழைத்து ஒரு மூக்கில் அடியுங்கள். 2-3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் அடுத்தது. அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கலாம், ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். சைலசீனுக்கும் பென்சோவுக்கும் இது வேலை செய்யாது, ஆனாலும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கூட ஃபென்டனில் இருக்கும். கனடாவில் 2017 முதல் இருக்கும் சட்டப்படி, ஓவர்டோஸுக்கு உதவி கேட்டு அழைப்பவர் மீதும் அங்கே இருப்பவர்கள் மீதும் சிறு கையிருப்புக்காக வழக்குப் போட முடியாது. விற்பனைக் குற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. போலீசுக்குப் பயந்து அழைக்காமல் விடுவதால் போகும் உயிர்கள் அதிகம் என்பதால் இதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லி வையுங்கள்.

ஸ்காபரோவிலோ பிராம்ப்டனிலோ பிள்ளையின் மேசை இழுப்பறையில் இந்த ஃபாயில் உறை கிடைத்தால், கோபப்படும் முன் உறையின் தேதியைப் பாருங்கள், காலாவதியாகியிருந்தால் புதிது வாங்கிக் கொடுங்கள். பிறகு, ஒரு கோடு என்றால் என்ன என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால், நலோக்சோன் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேளுங்கள்.